சுங்கை பூலோ நர்சரி வரிசை: நம்ம நாட்டு செடி தேடுறவங்களுக்கும் மேனேஜ்மென்ட் லெட்டர் வாங்குனவங்களுக்கும் ஒரு நீள ரிவியூ

கோலாலம்பூர்ல (கேஎல்) கேட்டட் தாமான்ல, அதாவது கேட் போட்ட குடியிருப்புல இருக்கீங்க, வீட்டு முன்னாடி உள்ள கவ் கிராஸ் புல்ல எடுத்துட்டு இந்த மண்ணுல தானா வளர்ற செடிய நடணும்னு ஆசை, ஆனா மேனேஜ்மென்ட் என்ன சொல்லுமோன்னு பயம்னா இந்த ரிவியூ உங்களுக்குத்தான். சுங்கை பூலோ நர்சரி பத்தி ஏற்கனவே நிறைய பேர் எழுதியிருக்காங்க, போகன்வில்லா மலிவு, ஆர்கிட் அழகு, சனி ஞாயிறு பார்க்கிங் கஷ்டம், அவ்வளவுதான் இருக்கும். நம்ம நாட்டு செடி அங்க கிடைக்குமா, யார் அதப் பத்தி தெரிஞ்சு பேசுறாங்க, வாங்கிட்டு வந்து நட்டா கமிட்டி பிடுங்கச் சொல்ல முடியுமா, இத யாரும் எழுதல. அதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

இடம் தெரியாதவங்களுக்கு, சுங்கை பூலோ ஹாஸ்பிட்டல் பக்கம் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வரிசையா நர்சரி இருக்கும், அதுதான். 1930ல தொழுநோய் வந்தவங்கள தனியா வைக்கிறதுக்காக வெள்ளைக்காரன் காலத்துல திறந்த குடியிருப்பு இது, வெளிய போக முடியாம உள்ளேயே வாழ்ந்தவங்க செடி வளர்த்து வித்து பொழச்சாங்க, அந்த நர்சரிங்கதான் இன்னிக்கு கேஎல் முழுக்க தோட்டத்துக்கு செடி கொடுக்குது. இப்ப எல்லா கடையும் அந்தக் குடும்பங்க கையில இல்ல, வெளியாளுங்க நிறைய எடுத்து நடத்துறாங்க, ஆனா பழைய கடைங்க ஒன்னு ரெண்டுல போயி நின்னு பேசுனா செடி மேல உள்ள அக்கறையே வேற மாதிரி இருக்கும். அந்த இடத்துக்குப் போறவங்க மேலோட்டமா செடிய மட்டும் பாத்துட்டு வராம உள்ளார உள்ள பழைய வீடுங்களையும் ஒரு தடவ நடந்து பாத்துட்டு வாங்க, மரியாதைக்குரிய இடம் அது.

சரி கடைக்கு வருவோம். மெயின் ரோட்ட ஒட்டுன பெரிய கடைங்கள்ல நம்ம நாட்டு செடி கேட்டா பெரும்பாலும் ஏமாற்றம்தான். அங்க முன்னாடி அடுக்கி வச்சிருக்கது போகன்வில்லா, ஹெலிகோனியா, ப்ளூமேரியா, ப்ரோமிலியாட், எல்லாம் தென் அமெரிக்கா மத்திய அமெரிக்கா பக்கத்து சாமான். புல்லு கூட அப்படித்தான், நம்ம தாமான் பூரா விரிச்சு வச்சிருக்க கவ் கிராஸ் அமெரிக்க கண்டத்து புல்லு. அதுல தப்பு ஒன்னும் இல்ல, ஆனா நான் கேட்டது வேற. ஒரு பெரிய கடையில செண்டுடுக், அதாவது இங்க தானா வளர்ற ஊதாப் பூ புதர்ச் செடி, இருக்கான்னு கேட்டேன், அந்த ஆளு அது காட்டுச் செடி மேடம் யாரும் வாங்க மாட்டாங்கன்னு சொல்லிட்டு ஒரு பர்ப்பிள் பூ செடிய காட்டி இதுவும் அதே குடும்பம்தான் இதுவும் லோக்கல்தான்னு தலையில கட்டப் பாத்தாரு. பாத்தா டிபோசினா, பிரேசில் செடி. குடும்பம் ஒன்னுதான், ஊரு வேற. எதக் கேட்டாலும் லோக்கல் லோக்கல்னுதான் பதில் வந்துச்சு, ஜொகூர்ல பொலிபேக்ல வளர்த்து லோரியில ஏத்திட்டு வந்தா அவருக்கு அது லோக்கல். தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருந்தா எனக்கு கோபமே வந்திருக்காது. அந்தக் கடைக்கு நான் ஒரு ஸ்டார் கூட கொடுக்க மாட்டேன்.

உள்ளார திரும்பிப் போற சின்ன ரோட்டுல ஒரு கடை இருக்கு, ஒரு சீன ஆன்ட்டியும் அவங்க மகனும் நடத்துறாங்க. பேரு போட வேணாம், கூட்டம் வந்தா சமாளிக்க முடியாதுன்னு அவங்களே கேட்டுக்கிட்டதால நான் போடல, ஆனா கடை முன்னாடி பெரிய பேர்ட்ஸ் நெஸ்ட் ஃபெர்ன் தொங்கும், பக்கத்துல சிம்போ ஆயர் மரம் மஞ்சள் பூவோட நிக்கும், நீங்களே கண்டுபிடிச்சுருவீங்க. அங்க வேல பாக்குற தம்பி நம்மாளு, பந்திங் பக்கம் எஸ்டேட்ல பொறந்தவரு. செண்டுடுக்குன்னு வாயத் திறந்ததும் என்னக்கா நாக்கு ஊதாவாகுற பழம்தானேன்னு சிரிச்சாரு. எஸ்டேட்ல வளர்ந்தவங்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்ல, பள்ளிக்கூடம் விட்டு வர்ற வழியெல்லாம் பறிச்சுத் தின்ன பழம், வெட்டுக்காயத்துக்கு பாட்டி கசக்கி வச்ச இலை. அந்தச் செடிய காசு கொடுத்து வாங்குறதான்னு என் அம்மா கேட்டாங்க, ஆமா வாங்குறேன், ஏன்னா இப்ப கேஎல்ல அது தானா வளர்றதுக்கு எங்க இடம் விட்டு வச்சிருக்கோம்?

இந்தக் கடையில எனக்கு ரொம்பப் பிடிச்சது, விக்கிறதுக்கு முன்னாடி கேள்வி கேக்குறாங்க. வீடு எந்தப் பக்கம் பாத்து இருக்கு, மண்ணு எப்படி, பக்கத்து வீட்டு சுவரு எவ்வளவு தூரம், லொங்காங் (சாக்கடை) எங்க ஓடுது. என் வீட்டு மண்ணு மஞ்சக் களிமண்ணுன்னு சொன்னேன், டெவலப்பர் மேல் மண்ண வழிச்சு எடுத்துட்டு வீடு கட்டுனா எல்லா தாமான்லயும் அப்படித்தான் இருக்கும். அதுக்கு ஆன்ட்டி, செண்டுடுக்குக்கு அதான் வேணும், உரம் கொட்டாதன்னாங்க. உண்மைதான், செண்டுடுக் புளிப்பு மண்ணுல வளர்ற செடி, அந்த மாதிரி மண்ணுல மத்த செடிங்கள வாட்டுற அலுமினியத்த இது இலையில சேத்து வச்சுக்கிட்டு சௌக்கியமா இருக்கும். சிமெண்ட் தூள் கொட்டுன மூலையில மட்டும் நடாதீங்க, இலை வெளுத்துரும். சிம்போ ஆயரும் எனக்கு ஆசைதான், ஆனா அத அவங்களே விக்க மாட்டேன்னுட்டாங்க, உன் வீடு லிங்க் ஹவுஸ் (ஒட்டி ஒட்டி உள்ள வரிசை வீடு), இது ஆறு மீட்டர் போகும், ரெண்டு வருஷத்துல பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான்னு. விக்க வந்த சாமான வேணாம்னு சொல்ற கடைய நான் ரொம்ப மதிக்கிறேன்.

வாங்குனது என்னென்னன்னா, வேலி ஓரத்துக்கு கெமுனிங் (வாசனை வெள்ளைப் பூ செடி), நடுவுல செண்டுடுக், சுவரு நிழல்ல கடுக் இலை (காட்டு வெத்தலை), தண்ணி நிக்கிற ஈரமான மூலையில வல்லாரை, பின்னாடி கிச்சன் பக்கம் புங்கா கந்தான் (இஞ்சி குடும்பத்துப் பூ), அப்புறம் கேட்டுக்குப் பக்கத்துல ரெண்டு பேர்ட்ஸ் நெஸ்ட். இதுல பாதி நம்ம சமையல்லயே இருக்கு பாருங்க, வல்லாரை துவையல் அரைக்காத வீடு உண்டா, புங்கா கந்தான் இல்லாம அசாம் லக்சா உண்டா. வல்லாரை மாதிரி, புன்னை மாதிரி, ஏழிலைப்பாலை மாதிரி சிலது தமிழ்நாட்டுலயும் மலாயாவுலயும் ரெண்டு பக்கமும் சொந்தமா வளர்ற செடிங்க, நம்ம தாத்தா பாட்டி கப்பல்ல வந்து இறங்குனப்ப இங்க அவங்களுக்குத் தெரிஞ்ச மரமும் நின்னுச்சுன்னு நெனச்சா எனக்கு மனசு நெறஞ்சு போகுது. கறிவேப்பிலை அப்படி இல்ல, அது நம்மாளுங்க கொண்டு வந்தது, அதனால என்ன, அதையும் வச்சுக்கங்க. நான் சொல்றது எல்லாத்தையும் பிடுங்கிட்டு காட்டுச் செடி மட்டும் நடுங்கன்னு இல்ல. தேசியப் பூவா 1960ல அறிவிச்ச புங்கா ராயாவே வெளியூர்ல இருந்து வந்த செம்பருத்திதான், அது இல்லாத வீடு நமக்கு வீடே இல்ல.

நட்டு செண்டுடுக் பூக்க ஆரம்பிச்சதும் முதல்ல வந்தது கருவண்டு. இந்தப் பூவுல தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான், அதையும் வண்டு பூவப் பிடிச்சுக்கிட்டு ரீங்காரம் போட்டு உதறுனாத்தான் கொட்டும். காலையில வாசல்ல நின்னா அந்த சத்தம் நல்லா கேக்கும். அப்புறம் பழம் வெடிச்சதும் சின்னச் சின்ன பூக்கொத்தி குருவிங்க. புல்லு மட்டும் இருந்தப்ப மைனாவத் தவிர வேற எதையும் நான் அங்க பாத்ததில்ல.

இப்ப லெட்டர் விஷயம். எங்க தாமான் ஸ்ட்ராட்டா டைட்டில் (வீடு அவங்கவங்களுக்கு, பொது இடம் எல்லாருக்கும்னு உள்ள பட்டா) உள்ள லேண்டட் வீடுங்க, எம்சி, அதாவது வீட்டுக்காரங்க சேர்ந்த மேனேஜ்மென்ட் கார்ப்பரேஷன் இருக்கு, ப்ராப்பர்ட்டி மேனேஜர் இருக்காரு. செடி கொஞ்சம் உயரமானதும் கதவுல ஒட்டிட்டாங்க, வீட்டு முன்புறம் ஒழுங்கா இல்ல, புதர் மாதிரி இருக்கு, 14 நாளுக்குள்ள எடுத்துட்டு பழையபடி புல்லு போடணும், இல்லன்னா அபராதம். படிச்சதும் வயிறு எரிஞ்சது. ஆனா சண்டைக்குப் போகல, முதல்ல அந்த நர்சரி ஆன்ட்டியோட மகனுக்கு போன் போட்டேன், ஏன்னா அவரு செடி கொடுக்கும்போதே ஒரு பேப்பர்ல எங்க எந்தச் செடி, பேரு, எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு நாளைக்கு ஒரு தடவ வெட்டணும்னு வரைஞ்சு கொடுத்திருந்தாரு. அத நீட்டா டைப் பண்ணி, தாவரப் பேரோட, கடை சாப்போட (முத்திரையோட) திருப்பி அனுப்புனாரு, காசு கேக்கல. இந்த ரிவியூவுல நான் அஞ்சு ஸ்டார் கொடுக்குறதுக்கு அந்த ஒரு பேப்பரே போதும். புதர்னு சொன்னவங்களுக்கு முன்னாடி ஒவ்வொரு செடிக்கும் பேரும் உயரமும் போட்ட பிளான வச்சா பேச்சே மாறிடுது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கங்க, இது எல்லா ஸ்ட்ராட்டா வீட்டுக்காரங்களுக்கும் உதவும். ஸ்ட்ராட்டா மேனேஜ்மென்ட் ஆக்ட் 2013, அதாவது ஆக்ட் 757, அதுக்குக் கீழ 2015 ரெகுலேஷன்ல மூணாவது அட்டவணையில எல்லா ஸ்ட்ராட்டா இடத்துக்கும் பொதுவான பைலா, அதாவது குடியிருப்பு விதி இருக்கு. அதுல பொது இடத்துல, அதாவது காமன் ப்ராப்பர்ட்டியில, எழுத்துல அனுமதி இல்லாம நம்ம சொந்தத் தோட்டம் போடக்கூடாது. இது நியாயம்தான், அந்த மண்ணு எல்லாருக்கும் சொந்தம். அதனால முதல் வேலை, உங்க ஸ்ட்ராட்டா பிளான எடுத்து எது வரைக்கும் உங்க பார்சல் (உங்க சொந்த இடம்), எங்க இருந்து பொது இடம்னு பாருங்க, கேட்டுக்கு வெளிய உள்ள துண்டு புல்லு பெரும்பாலும் உங்களோடது இல்ல. நான் நட்டது முழுக்க என் பார்சலுக்குள்ள.

பார்சலுக்குள்ளன்னா நாம ராஜாவா? அப்படியும் இல்ல, இத மறைச்சுப் பேசுறவங்கள நம்பாதீங்க. அதே ஆக்ட்ல செக்‌ஷன் 70, எம்சி கூடுதல் பைலா போடலாம்னு சொல்லுது, எதுக்கெல்லாம் போடலாம்ங்கிற லிஸ்ட்ல வீட்டு வடிவமைப்பு, லேண்ட்ஸ்கேப் வழிமுறை இதுவும் இருக்கு. ஆனா அத மேனேஜர் ஆபீஸ்ல உக்காந்து டைப் பண்ணி ஒட்டிட முடியாது. குறைஞ்சது 21 நாள் நோட்டீஸ் கொடுத்து, பொதுக்கூட்டம் போட்டு, ஸ்பெஷல் ரெசொலூஷனா (சிறப்புத் தீர்மானமா) பாஸ் பண்ணணும். அபராதமும் பைலாவுல இருந்தாத்தான் போடலாம், அதுவும் 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல போக முடியாது. எங்க தாமான்ல காட்டுனது ஹவுஸ் ரூல்ஸ்னு ஒரு பழைய பேப்பர், முன்ன இருந்த மேனேஜர் விட்டுட்டுப் போனது. நான் ரெண்டே வரியில மரியாதையா இமெயில் போட்டேன், எந்தப் பைலா, எந்தக் கூட்டத்துல பாஸ் ஆச்சு, காப்பி கொடுங்கன்னு. காப்பி வரல. பதிலுக்கு கமிட்டிய வந்து பாருங்கன்னு அழைப்பு வந்துச்சு.

அந்த மீட்டிங்ல எல்லாரும் கெட்டவங்க இல்ல, இதையும் சொல்லணும். சேர்மன் வயசான அங்கிள், அவரு கவலையெல்லாம் ரெண்டு விஷயம், பாம்பும் டெங்கியும். பாம்புக்கு எலி வேணும், எலிக்குக் குப்ப வேணும், அடியில இலை தழை குமிச்சு வைக்காம தரை தெரியுற மாதிரி வச்சிருந்தா பயம் குறையும், அத நான் ஒத்துக்கிட்டேன். டெங்கிக்கு, ஏடிஸ் கொசு முட்டை போடுறது தேங்குன தண்ணியில, செடி இலையில இல்ல. நிழலான செடிக்கு அடியில வளர்ந்த கொசு உக்காந்து ஓய்வெடுக்கும், உண்மைதான், அதனால அடிப்பகுதிய கவாத்து பண்ணி காத்து போற மாதிரி விடணும். ஆனா கார்ட் ஹவுஸ் பக்கத்துல மேனேஜ்மென்ட்டே நட்டு வச்சிருக்க ப்ரோமிலியாட் இலை நடுவுல கிண்ணம் மாதிரி தண்ணி நிக்குது, என் வீட்டு செண்டுடுக்ல ஒரு சொட்டு நிக்காது. கொசு உற்பத்தி ஆகுற இடத்த வச்சிருந்தா 1975ம் வருஷ ஆக்ட் 154படி ஹெல்த்காரங்க வீட்டுக்காரன் மேலயும் மேனேஜ்மென்ட் மேலயும் நடவடிக்கை எடுக்கலாம். இத நான் குத்திக் காட்டுறதுக்குச் சொல்லல, அங்கிள் கைய பிடிச்சு கூட்டிட்டுப் போயி காட்டுனேன், அவரு டார்ச் அடிச்சுப் பாத்தாரு, மறுவாரம் அத எடுக்கச் சொல்லிட்டாரு. பேச வேண்டியது இப்படித்தான்.

முடிவு என்னன்னா, செடி இருக்கலாம், ரோட்டு வளைவுல உள்ள முனையில மட்டும் காரு ஓட்டுறவங்களுக்கு மறைக்காம இடுப்பு உயரத்துக்குக் கீழ வெட்டி வைக்கணும், லொங்காங்ல இலை விழுந்தா நாங்களே அள்ளணும். எழுத்துல கொடுத்தாங்க. நியாயமான கண்டிஷன், சந்தோஷமா கையெழுத்துப் போட்டேன்.

ஒருவேளை உங்க கமிட்டி இறங்கி வரலன்னா சிஓபி, அதாவது கட்டட ஆணையர் இருக்காரு, கேஎல்ல அந்த ஆபீஸ் டிபிகேஎல்ல (மாநகராட்சி) இருக்கு, அங்க புகார் கொடுக்கலாம். அதுக்கும் மேல ஸ்ட்ராட்டா மேனேஜ்மென்ட் ட்ரிபியூனல், 250,000 வெள்ளி வரைக்கும் உள்ள வழக்க எடுக்கும், சாதாரணமா லாயர் இல்லாம நாமளே பேசலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஏஜிஎம்முக்கு, அதாவது வருஷாந்திரப் பொதுக்கூட்டத்துக்குப் போங்க, தயவு செஞ்சு போங்க. நம்ம ஆளுங்க மாசாமாசம் காசு கட்டிட்டு கூட்டத்துக்குப் போறதே இல்ல, அப்புறம் பத்துப் பேரு கூடி பைலா பாஸ் பண்ணிட்டாங்கன்னு வருத்தப்பட்டு என்ன பண்றது. மெயின்டனன்ஸ் பாக்கி வச்சிருந்தா ஓட்டும் போட முடியாது, கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னாடியே பாக்கி இல்லாம பாத்துக்கங்க. லேண்ட்ஸ்கேப் பைலா கொண்டு வந்தா எதிர்த்து மட்டும் பேசாம, உயரம் இவ்வளவு, லொங்காங்ல இருந்து தூரம் இவ்வளவு, நம்ம நாட்டு செடி அனுமதின்னு நீங்களே எழுதிக் கொண்டு போங்க.

ஸ்ட்ராட்டா இல்லாம தனி டைட்டில் உள்ள தாமான்ல கார்ட் போட்டு பூம் கேட் வச்சிருக்கவங்களுக்கு கதை வேற. அங்க இருக்கது ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன், சொசைட்டீஸ் ஆக்ட் 1966ல பதிஞ்ச சங்கம், சேராதவங்கள அவங்க ரூல் கட்டாது, உங்க சொந்த நிலத்துல உள்ள செடிக்கு அபராதம் போட அவங்களுக்கு அதிகாரம் கிடையாது. வீடு வாங்குனப்ப டெவலப்பரோட டீட் ஆஃப் மியூச்சுவல் கவனன்ட் (பரஸ்பர ஒப்பந்தப் பத்திரம்) ஏதாச்சும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களான்னு மட்டும் பழைய ஃபைல எடுத்துப் பாருங்க. வேலிக்கு வெளிய ரோட்டோரம் நடுறது சங்கத்து விஷயமே இல்ல, அது டிபிகேஎல் விஷயம். கொண்டோகாரங்களுக்கு பால்கனியில தொட்டி வைக்கலாம், ஆனா வெளித்தோற்றத்த மாத்துற மாதிரி எதுவும் எழுத்து அனுமதி இல்லாம செய்யக்கூடாதுன்னு அதே பொதுப் பைலாவுல இருக்கு, அதனால கம்பிக்கு வெளிய தொங்க விடாதீங்க, கீழ நடக்குறவங்க தலையும் முக்கியம்.

சிகாகோல இருக்க என் சித்தி மகன்கிட்ட இந்தக் கதைய சொன்னப்ப அங்க இந்தச் சண்டை பல வருஷமா நடக்குதுன்னு சொன்னான். வறட்சி தாங்குற தோட்டத்த வீட்டுக்காரர் சங்கங்க தடை பண்ணக்கூடாதுன்னு டெக்ஸாஸ்ல 2013லயே சட்டம் போட்டாங்க. மேரிலன்ட்ல ஒரு தம்பதி புல்லுக்குப் பதிலா உள்ளூர் செடி வளர்த்ததுக்கு சங்கம் எடுக்கச் சொல்லி, அவங்க விடாம கேஸ் நடத்தி, கடைசியில 2021ல அந்த மாநிலமே சட்டம் கொண்டு வந்துச்சு. அவன் இருக்க இல்லினாய்ஸ்லயும் 2024ல உள்ளூர் செடித் தோட்டத்துக்குன்னே ஒரு சட்டம் பாஸ் ஆச்சு. நம்ம ஆக்ட் 757ல அந்த மாதிரி நம்ம நாட்டு செடிக்குன்னு தனி பாதுகாப்பு ஒரு வரி கூட இல்ல. இவ்வளவு காடு, இவ்வளவு செடி வகை உள்ள நாட்டுல அது வரணும்னு நான் மனசார விரும்புறேன், அது வர்ற வரைக்கும் பைலாவ படிக்கிறதும் ஏஜிஎம்ல கைய தூக்குறதும்தான் நம்மகிட்ட உள்ள வழி.

திரும்ப நர்சரிக்கு. வாங்கக் கூடாததையும் சொல்லிடுறேன். அந்த வரிசையிலயும் சரி, ரோட்டோர வேன்லயும் சரி, சில பேரு காட்டுல இருந்து பிடுங்கிட்டு வந்த செடிய விக்கிறாங்க. மங்கி கப், அதாவது நெப்பந்தஸ்ங்கிற குடுவைச் செடி, காட்டு ஆர்கிட், பெரிய மான்கொம்பு ஃபெர்ன். வேர் பாதி அறுந்து, பழைய மரப்பட்டையோட ஒட்டி, பெரிய செடி சின்னத் தொட்டியில புதுசா குத்தி வச்ச மாதிரி இருந்தா வாங்காதீங்க. வீட்டுக்கு வந்து பெரும்பாலும் செத்துப் போகும், காடும் காலியாகும். நர்சரியில வெட்டி வச்சோ விதை போட்டோ வளர்த்ததான்னு கேளுங்க, ஆன்ட்டி கடையில நான் கேட்டப்ப பின்னாடி கூட்டிட்டுப் போயி நாத்துப் பாத்திய காட்டுனாங்க. இன்னொன்னு, பக்கத்து வீட்ல எலுமிச்சையோ லீமாவ் கஸ்தூரியோ இருந்தா கெமுனிங் வேலிய யோசிச்சு நடுங்க, எலுமிச்சைக்கு மஞ்சள் நோய பரப்புற ஒரு சின்னப் பூச்சி கெமுனிங்ல விரும்பி வளரும், கறிவேப்பிலையிலயும் வரும். இத எனக்கு ஆன்ட்டி சொல்லல, சொல்லியிருக்கணும், அதுக்கு அரை ஸ்டார் கழிச்சுக்கலாம். அப்புறம் உலாம் ராஜாவ நம்ம நாட்டு செடின்னு விக்கிறாங்க, திங்கிறதுக்கு அருமையான கீரைதான், ஆனா அமெரிக்கா பக்கத்துல இருந்து எப்பவோ வந்தது.

மரக்கன்னு வேணும்னா சுங்கை பூலோவ விட கெப்போங்ல உள்ள ஃப்ரிம், அதாவது வன ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்க, அங்க காட்டு மரக் கன்னு விக்கிறாங்க, மரத்தப் பத்தி கேட்டா பதில் சொல்றவங்க அங்க இருக்காங்க. அந்த இடமே ஈயம் தோண்டி நாசமான நிலத்துல 1920கள்ல இருந்து நட்டு நட்டு உண்டாக்குன காடு, 2025ல உலகப் பாரம்பரிய இடமாவே அறிவிச்சிட்டாங்க, மொட்டை நிலத்துல நம்ம மரம் வளராதுன்னு யாராச்சும் சொன்னா அங்க கூட்டிட்டுப் போயி காட்டுங்க. லிங்க் ஹவுஸ்ல மெராந்தி எல்லாம் வைக்காதீங்க, பங்களா வீடு, கோயில் நிலம், பள்ளிக்கூட மைதானம் இருக்கவங்களுக்குச் சொல்றேன், புன்னை, பூங்கோர், பெனாகா எல்லாம் கேட்டுப் பாருங்க.

விலை, நான் வாங்குனப்ப செண்டுடுக் பொலிபேக் எட்டுல இருந்து பன்னெண்டு வெள்ளி, கெமுனிங் சின்னது ஆறு, வேலிக்கு மொத்தமா எடுத்தா இன்னும் குறைக்குறாங்க, புங்கா கந்தான் கட்டையோட பதினஞ்சு, பேர்ட்ஸ் நெஸ்ட் கொஞ்சம் பெருசு இருபத்தஞ்சு. வல்லாரையும் கடுக்கும் ஒரு தட்டு நிறைய எடுத்தா சும்மா மாதிரிதான். பேரம் பேசாதீங்க அந்தக் கடையில, ஏற்கனவே நியாயமான விலை, அந்த பிளான் பேப்பருக்கே வேற இடத்துல நூறு இருநூறு கேப்பாங்க. கேஎல்லுக்குள்ள லோரி டெலிவரி தனி, தம்பியே ஓட்டிட்டு வருவாரு, செடிய நிழல்ல இறக்கி வச்சு தண்ணி ஊத்திட்டுத்தான் போவாரு. சொன்ன நேரத்துக்கு வரல, மழையில மாட்டிக்கிட்டேன்னு சாயங்காலமாத்தான் வந்தாரு, ஆனா போன் பண்ணி சொன்னாரு.

குறைன்னு சொன்னா கடையில எந்தச் செடிக்கும் பேரு எழுதி வைக்கல, ஆன்ட்டி இல்லன்னா நமக்கு ஒன்னும் தெரியாது, பேரையும் உயரத்தையும் ஒரு சின்ன அட்டையில எழுதி குத்தி வச்சா கமிட்டிகிட்ட போராடுற எத்தனையோ பேருக்கு அதுவே பாதி ஆதாரம் ஆயிடும், இத நேர்லயும் சொல்லிட்டேன், மகன் எழுதுறேன்னு சொல்லியிருக்காரு. கார்ட் எடுக்க மாட்டாங்க, காசு இல்லன்னா கியூஆர் மட்டும். போறதா இருந்தா வார நாள்ல காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க, உங்க வீட்டு முன்பக்க போட்டோவும் ஸ்ட்ராட்டா பிளான் காப்பியும் போன்ல வச்சுக்கிட்டுப் போங்க, அத காட்டுனா எதை எங்க நடணும்னு அங்கயே வரைஞ்சு கொடுத்துருவாங்க. மொத்தத்துல அந்தக் கடைக்கு அஞ்சுக்கு நாலரை, மெயின் ரோட்டு பெரிய கடைங்களுக்கு நம்ம நாட்டு செடி விஷயத்துல அஞ்சுக்கு ஒன்னரை.